குறை ஹார்மோனில் இல்லை

மகன் தன்னைப் பெண்ணாக உணர்கிறான் என்று தெரியவரும்போது தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் விளக்கம், "ஏதோ ஹார்மோன் கோளாறு" என்பதுதான். ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டது, அல்லது பெண் ஹார்மோன் கூடிவிட்டது. நல்ல டாக்டராகப் பார்த்து ஊசி போட்டால் சரியாகிவிடும். இப்படிச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சாபம், முன்வினை, வளர்ப்பு சரியில்லை என்ற பேச்சுகளோடு வைத்துப் பார்த்தால் இதில் அறிவியல் இருப்பதுபோலத் தெரிகிறது. யார்மீதும் பழி விழவில்லை என்ற ஆறுதலும் கிடைக்கிறது. அதனால்தான் திருநங்கையருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள்கூட இதையே எடுத்துவைக்கிறார்கள். இதே நம்பிக்கை தலைகீழாகவும் உலவுகிறது: "யாரோ மாத்திரையைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், அதைத் தின்றுதான் இப்படி ஆனான்." இரண்டு பேச்சுக்கும் அடித்தளம் ஒன்றே: ஒருவர் ஆணா பெண்ணா என்பதை இரத்தத்தில் ஓடும் ஹார்மோன் அளவு தீர்மானிக்கிறது. இது பிழை. பேச்சோடு போகிற பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். இது ஆட்களின் உடம்பைப் பாதிக்கிறது என்பதால் மறுத்தாக வேண்டியிருக்கிறது.

சிகிச்சை எதையும் தொடங்காத ஒரு திருநங்கையின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற வரிக்கு நேரே, பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 300 முதல் 1,000 நானோகிராமுக்குள் ஓர் எண் இருக்கும். லிட்டருக்கு நானோமோல் என்ற அலகில் சொன்னால் ஏறக்குறைய 10 முதல் 35. வயதுவந்த ஆண்களுக்கு வழக்கமாக இருக்கும் அளவு இதுவே. அறிக்கையில் சிவப்பு எழுத்தோ, மேலே கீழே என்று காட்டும் அம்புக்குறியோ இருக்காது. எண்ணைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கலாம் என்று வந்த பெற்றோருக்கு அங்கே கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அதோடு, ஆண் ஹார்மோன் பெண் ஹார்மோன் என்று நாம் சுவர் எழுப்பிப் பிரிப்பதுபோல உடம்பு பிரிப்பதும் இல்லை. உடம்பு கொழுப்பிலிருந்து (கொலஸ்ட்ராலிலிருந்து) டெஸ்டோஸ்டிரோனைச் செய்கிறது. அதே டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை அரோமடேஸ் என்ற நொதி எஸ்ட்ரடயோலாக மாற்றுகிறது. எஸ்ட்ரடயோல் இல்லாவிட்டால் ஆண்களின் எலும்பும் உறுதி இழக்கும். மறுபக்கம், சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்கள் பலருக்கு ஆண் ஹார்மோன் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுரக்கிறது. மோவாயில் முடி வளர்கிறது, மாதவிடாய் தவறுகிறது. அதனால் அவர்களில் யாரும் தாம் ஆண் என்று சொல்லத் தொடங்குவதில்லை. நாமும் அவர்களைப் பெண் இல்லை என்று சொல்வதில்லை.

இதைவிட வலுவான சான்று புற்றுநோய்ப் பிரிவுகளில் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் சிங்கப்பூர் ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் ஒன்று. அந்தக் கட்டி வளர்வதற்கு டெஸ்டோஸ்டிரோன் தீனி போடுகிறது என்பதை 1941இல் சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966இல் நோபெல் பரிசும் பெற்றார். விரைகளை அகற்றினாலோ, பெண் ஹார்மோனைக் கொடுத்தாலோ கட்டி சுருங்குகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், உலகெங்கும் ஏராளமான ஆண்களுக்கு ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தரப்பட்டது. இன்று அந்த இடத்தில் வேறு மருந்துகள் வந்துவிட்டன. அவற்றில் சில, திருநங்கையர் எடுத்துக்கொள்ளும் அதே மருந்துகள். சைப்ரோடெரோன் டெஸ்டோஸ்டிரோனுக்கு முந்திக்கொண்டு உயிரணுவின் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாவித்துவாரத்தில் தவறான சாவியைச் செருகி வைத்ததுபோல, உண்மையான சாவி வந்தாலும் பூட்டு திறப்பதில்லை. அதோடு மூளையடிச் சுரப்பி அனுப்பும் எல்எச் என்ற கட்டளையையும் அது அடக்குவதால் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் செய்வதே குறைகிறது. லூப்ரோலைடு ஊசி வேறு வழியில் வேலை செய்கிறது: மூளையடிச் சுரப்பியை இடைவிடாமல் தூண்டி, முதலில் சில நாள் ஹார்மோனை ஏற்றி, பிறகு அந்தச் சுரப்பியே மரத்துப்போய்க் கட்டளை அனுப்புவதை நிறுத்தும்படி செய்கிறது. இந்தச் சிகிச்சையில் இருக்கும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், தசை கரையும், காமம் அடங்கும், சிலருக்கு மார்பகம் வளரும். ஹார்மோன் அளவுதான் ஆளைத் தீர்மானிக்கிறது என்றால் இந்தத் தாத்தாக்கள் எல்லாரும் இந்நேரம் தங்களைப் பாட்டிகளாக உணர்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மார்பு வளர்ந்ததை அவர்கள் கூச்சத்தோடும் வருத்தத்தோடும் மருத்துவரிடம் சொல்கிறார்கள். ஒரு திருநங்கைக்கு நிம்மதி தரும் அதே மாற்றம் அந்த ஆணுக்கு வேதனை தருகிறது. மருந்து ஒன்று, மாற்றம் ஒன்று. அதை வாங்கிக்கொள்ளும் மனம்தான் வேறு. மனம் மருந்துக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு ஆண் ஹார்மோன் ஏற்றினால் "குணமாவார்கள்" என்று 1940களில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் முயன்றார்கள். பலன் இல்லை என்பதோடு, சிலருக்கு அதே ஈர்ப்பு கூடியது. கணினி அறிவியலின் தந்தை என்று போற்றப்படும் ஆலன் டூரிங் ஓரினச்சேர்க்கைக்காக 1952இல் பிரிட்டனில் தண்டிக்கப்பட்டபோது, சிறைக்குப் பதிலாக ஓராண்டு பெண் ஹார்மோன் ஏற்கும்படி ஆனது. அவர் மார்பு வளர்ந்தது. அவர் யார் என்பது மாறவில்லை. 1954இல் இறந்துபோனார். பாலின ஈர்ப்பும் பாலின அடையாளமும் வெவ்வேறு என்பதை மறந்து நான் இதைச் சொல்லவில்லை. ஹார்மோனை ஏற்றியும் இறக்கியும் ஒருவருடைய உள்ளத்தை வேறாக்க முடியும் என்ற நம்பிக்கையைச் செயலில் காட்டிப் பார்த்தவர்கள் உண்டு, அதில் அவர்கள் தோற்றார்கள் என்பதே இங்கே பொருட்டு. "ஆண் ஊசி" கேட்டு வரும் தந்தைக்கு மருத்துவர் சொல்ல வேண்டியதும் அதுதான். ஏற்கெனவே வழக்கமான அளவு டெஸ்டோஸ்டிரோன் உள்ள உடம்பில் இன்னும் ஏற்றினால் முகப்பருவும் மீசையும் கூடும். எந்த உடம்பைக் கண்டு அந்தப் பிள்ளை அழுகிறதோ அந்த உடம்பை இன்னும் கெட்டிப்படுத்தியதுதான் மிச்சமாகும்.

அப்படியென்றால் திருநங்கையர் ஏன் ஹார்மோன் எடுக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. மனத்தை மாற்ற எடுக்கவில்லை. உடம்பை மனத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர எடுக்கிறார்கள். தோலிலும் கொழுப்பிலும் மார்பிலும் உள்ள உயிரணுக்களின் கருவுக்குள் எஸ்ட்ரடயோலுக்கான ஏற்பிகள் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன, ஆணாகப் பிறந்தாலும் சரி, பெண்ணாகப் பிறந்தாலும் சரி. எஸ்ட்ரடயோல் வந்து ஒட்டினால் அங்குள்ள சில மரபணுக்கள் விழித்து வேலை செய்கின்றன. பதின்வயதில் எந்தப் பெண்ணுக்கும் நடக்கும் அதே வேலை, அதே வேகம். மார்பு அரும்ப 3 முதல் 6 மாதம் ஆகும், முழு வளர்ச்சிக்கு 2, 3 ஆண்டு. தோலில் எண்ணெய் குறையும், இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேரும், தசை மெலியும். ஆனால் உடைந்த குரல் திரும்பாது, உயரம் குறையாது, முளைத்துவிட்ட தாடி உதிராது, அதற்கு லேசரோ மின்முனைச் சிகிச்சையோ தனியாகச் செய்துகொள்ள வேண்டும். பெண்ணாகப் பிறந்து தம்மை ஆணாக உணரும் திருநம்பியர் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் சில மாதங்களில் மாதவிடாயை நிறுத்தும், ஓராண்டுக்குள் குரலை உடைக்கும். உடைந்த குரல் மருந்தை நிறுத்தினாலும் அப்படியே இருக்கும். இந்தப் பட்டியலில் ஒரு மாத்திரையில் ஆள் மாறும் மாயம் எங்கும் இல்லை. மனத்துக்குக் கிடைக்கும் பலனையும் அளந்திருக்கிறார்கள். மெல்பர்னில் 64 திருநம்பியரையும் அவர்களைப் போன்றோரையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு உடனே டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள், மீதிப் பேரை வழக்கமான காத்திருப்பில் வைத்தார்கள். 3 மாத முடிவில் மருந்து பெற்றவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தெளிவாகக் குறைந்திருந்தன. இந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது.

கொஞ்சம் படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு தடை எழுப்புவார்கள்: தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஹார்மோன் மூளையை வடிவமைக்கிறது என்கிறார்களே, அப்படியானால் ஹார்மோன்தானே காரணம்? கருவில் நடப்பதைப் பற்றிய ஆராய்ச்சி உண்மையானது, அது இன்னும் முடியவில்லை. பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி பெருத்து, கருவிலேயே அதிக ஆண் ஹார்மோனுக்கு ஆளான பெண் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்ணாகவே வளர்ந்து பெண்ணாகவே வாழ்கிறார்கள். ஆகவே அங்கேயும் கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை. கருவில் ஏதோ ஒரு பங்கு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இருபது வயதில் ஊசி போட்டு அதைத் திருப்பிவிடலாம் என்பதற்கு அது ஆதாரமாகாது. பிறப்புறுப்பிலோ குரோமோசோமிலோ வேறுபாட்டோடு பிறக்கும் இடைப்பால் குழந்தைகளின் நிலையும் தனி. அவர்களையும் திருநங்கையரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதிலிருந்தே பாதித் தவறு தொடங்கியது.

இன்னொரு தடை சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கிறது: இதெல்லாம் மேற்கிலிருந்து நேற்று வந்த பழக்கம். ஒரு மாணவரின் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி 2021 தொடக்கத்தில் சர்ச்சை எழுந்தபோது, தான் அதில் தலையிட்டதாக எழுந்த குற்றச்சாட்டைக் கல்வி அமைச்சு மறுத்தது; மேற்கத்திய நாடுகளின் கலாசாரச் சண்டைகளை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம் என்று அப்போதைய கல்வி அமைச்சர் லாரன்ஸ் வோங் நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டார். சண்டை இறக்குமதி ஆக வேண்டியதில்லை என்பதை நானும் ஏற்கிறேன். சிகிச்சையை இறக்குமதி என்று சொல்ல முடியாது. தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம் என்ற தூரத்தில் இருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், 1971 ஜூலை 30 அன்று, சிங்கப்பூரின் முதல் பாலின மாற்ற அறுவைச் சிகிச்சை நடந்தது. அதைச் செய்தவர் இலங்கையில் பிறந்த தமிழர், பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்தச் சாதனையைப் பெருமையோடு சொல்லும் நம்மவர்கள் 1971ஐச் சொல்வதில்லை. 1973லேயே அறுவை முடித்தவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள அரசு அனுமதித்தது. 1996இல் அவர்களுடைய திருமணத்தை மாதர் சாசனம் என்ற சட்டம் ஏற்றது. மனநல மருத்துவர் சோய் விங் ஃபூ 1988இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆணாகப் பிறந்தவர்களில் 2,900 பேருக்கு ஒருவரும் பெண்ணாகப் பிறந்தவர்களில் 8,300 பேருக்கு ஒருவரும் இங்கே சிகிச்சை தேடி வந்திருந்தார்கள். இணையம் இல்லாத காலத்துக் கணக்கு இது. ஹார்மோனால் சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால், கர்ப்பப்பையையும் ஹார்மோனையும் கரைத்துக் குடித்த ரத்னம் கத்தியை எடுத்திருக்க மாட்டார், ஊசியைத்தான் எடுத்திருப்பார்.

இனி, இந்த நம்பிக்கை செய்யும் தீங்குக்கு வருகிறேன். ஹார்மோன் அளவுதான் ஆளைத் தீர்மானிக்கிறது என்று குடும்பம் நம்புவதுபோல, திருநங்கையர் பலரும் நம்பிவிடுகிறார்கள். அப்படி நம்பினால் அடுத்த முடிவு தானாக வரும்: கூட மாத்திரை, கூடப் பெண்மை, சீக்கிரமான பெண்மை. வீட்டில் "மாத்திரைதான் கெடுத்தது" என்ற பேச்சு இருப்பதால் மருத்துவரிடம் போவதையும் மறைக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் சிங்கப்பூரில் விற்கக்கூடாத மருந்து தெரிந்தவர் வழியாக வருகிறது. ஆசியா முழுக்கத் திருநங்கையரிடையே பரவலான டயான்-35 என்ற கருத்தடை மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் 21 மாத்திரை. ஒவ்வொன்றிலும் 2 மில்லிகிராம் சைப்ரோடெரோன், 35 மைக்ரோகிராம் எதினில் எஸ்ட்ரடயோல். ஆண் ஹார்மோனை அடக்க அந்த 2 மில்லிகிராம் போதாது. போதவில்லை என்று ஒருவர் நாளுக்கு நான்கு, ஐந்து என்று விழுங்கும்போது எதினில் எஸ்ட்ரடயோலும் நான்கு, ஐந்து மடங்காகிறது. அது உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் எஸ்ட்ரடயோல் இல்லை. கல்லீரலில் எளிதில் சிதையாதபடி 1938இல் ஆய்வகத்தில் செய்யப்பட்டது. கல்லீரலில் தங்கி இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. ஆம்ஸ்டர்டாமில் 816 திருநங்கையரின் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டபோது, காலிலும் நுரையீரலிலும் இரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட 20 மடங்காக இருந்தது. அதில் பெரும்பங்கு இந்த எதினில் எஸ்ட்ரடயோலுடையது. இப்போது விவரமறிந்த மருத்துவர்கள் அதைத் தருவதே இல்லை. இயற்கையான எஸ்ட்ரடயோல் மாத்திரையோ, கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே இரத்தத்துக்குப் போகும் ஒட்டுப் பட்டையோ, பூசும் ஜெல்லோ தருகிறார்கள்.

சைப்ரோடெரோனிலும் இதே கதை. முன்பு நாளுக்கு 50, 100 மில்லிகிராம் என்று கொடுத்தார்கள். அதிக அளவில் ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்கு மூளையைச் சுற்றிய சவ்வில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று தெரிந்து, 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை அளவைக் கட்டுப்படுத்தச் சொன்னது. எஸ்ட்ரடயோல் கூடவே இருந்தால் டெஸ்டோஸ்டிரோனை அடக்க நாளுக்கு 10 மில்லிகிராமே போதும் என்று ஐரோப்பியச் சிகிச்சை மையங்கள் 2021இல் காட்டின. மூளையடிச் சுரப்பியை அடக்கும் வேலையை எஸ்ட்ரடயோலும் செய்கிறது என்பதே காரணம். அதனால் 50 மில்லிகிராம் மாத்திரையைக் கத்தியால் நான்காக வெட்டி, ஒரு கால் துண்டைப் போட்டுக்கொள்வது இன்று மருத்துவர்களே சொல்லும் வழி. கூடப் போட்டால் கூடப் பெண்மை என்று நம்புகிற ஒருவரிடம் அந்தக் கால் துண்டைக் கொடுத்துப் பாருங்கள், ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். மற்றொரு தவறு, எஸ்ட்ரடயோல் இல்லாமல் ஆண் ஹார்மோன் தடுப்பியை மட்டும் எடுப்பது. இரண்டு ஹார்மோனும் இல்லாத உடம்பில் எலும்பு தேய்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோனும் ஆண் ஹார்மோன் தடுப்பியாகப் பயன்படுகிறது; அது பொட்டாசியத்தை ஏற்றும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து. பொட்டாசியம் ஏறுவதும் ஹார்மோன் அளவு தவறுவதும் மருத்துவர் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பரிசோதனை இல்லாத இடத்தில்தான் ஆபத்து. அந்த இடத்துக்கு அவர்களைத் துரத்துவது நம் பேச்சு.

இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, பேசாமல் விட்டுவிடலாமே என்பார்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் மருந்துகளுக்கும் ஆபத்து உண்டு. அவற்றை ஒளித்துவைத்துச் சாப்பிடும்படி யாரையும் நாம் வைப்பதில்லை. பின்னால் வருந்துகிறவர்கள் உண்டா? உண்டு, சிலர் நிறுத்துகிறார்கள், அவர்களுக்கும் மருத்துவர் வேண்டும். ஹார்மோன் மெதுவாக வேலை செய்வதால், முதல் சில மாதங்களில் நிறுத்தினால் தோலும் தசையும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். வளர்ந்த மார்பு திரும்பாது. பதின்வயதினரைப் பற்றிய கேள்வி கடினமானது, அதை நான் எளிதாக்கப் போவதில்லை. பருவமடைதலைத் தள்ளிவைக்கும் ஊசிகள் பற்றிய ஆதாரம் போதவில்லை என்று 2024இல் இங்கிலாந்தில் வெளிவந்த காஸ் அறிக்கை சொன்னது; வேறு நாட்டு மருத்துவச் சங்கங்கள் சில அதை ஏற்கவில்லை. சிங்கப்பூரில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதனால்தான் பெற்றோர் எதை நம்புகிறார்கள் என்பது இங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது. "ஆண் ஊசி போட்டால் சரியாகும்" என்று நம்பும் பெற்றோர் சம்மதத்தை மறுத்தால், அது அக்கறையால் எடுத்த முடிவாக இருக்கலாம். ஆனால் தவறான கணக்கின்மேல் எடுத்த முடிவு.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இது. குறை எங்கே என்று தேடி டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு அழைத்துப் போகாதீர்கள். எண் வழக்கம்போலவே இருக்கும், அதை வைத்து "உனக்கு ஒன்றுமில்லை" என்று பிள்ளையின் வாயை அடைக்கவே அது பயன்படும். பாலின அடையாளம் குறித்துப் பழகிய மனநல மருத்துவரிடமும் சுரப்பியியல் மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளை ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் பறித்து எறியாதீர்கள், அட்டையை எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். போனால் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த ஈஸ்ட்ரோஜன், ஆண் ஹார்மோன் தடுப்பி எத்தனை மில்லிகிராம், அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, பிற்காலத்தில் குழந்தை வேண்டுமென்றால் இப்போதே விந்தைச் சேமித்துவைக்க வேண்டுமா. நான்காவது கேள்வியை மருந்து தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தொடங்கிச் சில மாதம் கழித்துக் கேட்டால் பலருக்கும் நேரம் கடந்திருக்கும்.